ஈயச் சொம்பும் இரண்டு கப்பல் டிக்கெட்டும்

1

ஈப்போவில் மழைக்கு ஆபீஸ் நேரம் உண்டு. மாலை மூன்று மணிக்கு வரும், ஐந்து மணிக்குப் போகும். போன செவ்வாய்க்கிழமை அது போவதற்குள் நான் புறப்பட்டுவிட்டதால் சொட்டச் சொட்ட வீடு வந்து சேர்ந்தேன். மேஜை மேல் ஓர் உறை இருந்தது. என் மகள் மைதிலி படிக்கிற பெண்கள் ஸ்கூலிலிருந்து வந்த உறை. ஒட்டியிருந்தது.

ஒட்டிய உறையைக் கண்டால் எனக்கு நாக்கு வறண்டுவிடும். பாஸ்போர்ட், பெர்மிட், அம்மை குத்திய சர்டிபிகேட் என்று உறை பிரித்துப் பிரித்தே நடுவயதுக்கு வந்தவன் நான். இதுவரை எந்த உறையும் எனக்கு நல்ல செய்தி சொன்னதில்லை. மைதிலிக்குப் பன்னிரண்டு வயது. மலாய் சரளம், இங்கிலீஷ் அதைவிடச் சரளம். தமிழில் மட்டும் ‘உம்’, ‘உஹும்’ என்ற இரண்டே வார்த்தைகளில் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறாள். ஜடையை வெட்டிக்கொண்டாளா? பெயரை மாற்றி எழுதிக்கொடுத்துவிட்டாளா? இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் பிரித்தேன்.

சமையல் வகுப்புப் பரீட்சையில் காய்கறி சூப் வைக்கச் சொன்னார்களாம். வைத்தாளாம். ருசி பார் என்றார்களாம். மாட்டேன் என்றாளாம். மூன்று முறை சொல்லியும் கரண்டி வாயருகே போகவில்லையாம். அதற்கென்று இருந்த மார்க்கு முழுவதும் போயிற்று. பெற்றோர் நேரில் வரவும்.

என் மனைவி வேதா அன்று பின்னறையில் தனியே உட்கார்ந்திருந்தாள். மாதத்தில் மூன்று நாள் அவள் சமையலறைக்குள் வருவதில்லை. கடல் தாண்டி வந்தும் அந்த வழக்கத்தை விடவில்லை. அறைக்கு வெளியே நின்று கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

“ருசி பார்க்க மாட்டேன்னாளா?” என்றவள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

“ஸ்கூல்லேர்ந்து கூப்பிட்டனுப்பியிருக்கா. இதுல சிரிக்க என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்லை. உங்க பொண்ணு ருசி பார்க்க மாட்டேன்னு அழிச்சாட்டியம் பண்றாளாம். *உங்க* பொண்ணு!”

அவள் ஏன் அப்படிச் சிரித்தாள் என்று சொல்வதற்கு உங்களைப் பதினான்கு வருஷம் பின்னால், ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப்போக வேண்டும். உங்களுக்கு டிக்கெட் வேண்டாம். டிக்கெட் தொல்லையெல்லாம் என்னுடையது.

2

கல்யாணமான இரண்டாம் மாதமே நான் மலாயாவுக்குக் கப்பல் ஏறினேன். ஈயம் தோண்டுகிற கம்பெனியில் குமாஸ்தா வேலை. வேதா சித்திரை வீதியில் தன் அப்பா வீட்டில் இருந்தாள். நாலு வருஷம் கழித்து அவளை அழைத்துப்போக லீவில் வந்தேன். அவளுக்கான பெர்மிட் பையில் இருந்தது. அந்தக் காகிதத்துக்காகப் பதினோரு மாதம் எழுத்துப் போர் நடத்தியிருந்தேன். கல்யாணப் போட்டோவில் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் ‘இதிலுள்ள ஆண் தாங்கள்தானா?’ என்று ஒரு கடிதம். ஆமாம், பயத்தில் மூடிக்கொண்டேன் என்று நான் ஒரு பதில். ஒருவழியாகக் கொடுத்தார்கள், கடைசித் தேதி போட்டு. அந்தத் தேதிக்குள் நாகப்பட்டினத்திலிருந்து புறப்படுகிற கப்பல் ஒன்றே ஒன்றுதான். அதை விட்டால் பெர்மிட் காலாவதி. எனக்கு அடுத்த லீவு இன்னும் நாலு வருஷம் கழித்து.

மாமனார் திருச்சி கோர்ட்டில் குமாஸ்தா. வீட்டில் பேசினாலும் சாட்சியை விசாரிக்கிற மாதிரியே இருக்கும்.

“அழைச்சுண்டு போங்கோ மாப்பிள்ளை. உங்க ஆத்துக்காரி. தடுக்க நான் யாரு? ஒரே ஒரு சந்தேகம்தான்.”

“கேளுங்கோ மாமா.”

“மாசத்துல மூணு நாள் இவ வெளில உக்காருவா. இங்கே இவ அம்மா தளிகை பண்ணிப் போடறா. அங்கே யார் இருக்கா?”

“நான் இருக்கேன்.”

“நீங்க தளிகை பண்ணுவேளா?”

“ஓ, பண்ணுவேனே!” என்றேன். என் வாயிலிருந்து அவ்வளவு வேகமாக வந்த பொய் அதற்கு முன்னால் கிடையாது. தாயில்லாமல் தெப்பக்குளத்துப் பக்கம் அண்ணாவோடு வளர்ந்தவன் நான். காலை டிபன் காப்பி கிளப்பில், ராத்திரி சாப்பாடு கிளப்பில். ஈப்போவில் மெஸ். அதுவரை நான் அடுப்பில் ஏற்றியது சவரத்துக்கு வெந்நீர் மட்டும்.

“அப்போ வர ஞாயித்துக்கிழமை பண்ணிக் காட்டுங்கோ. வேதா அன்னிக்கு வெளிலதான் இருப்பா. பெருமாள் கண்டருளட்டும், நாங்க சாப்பிடறோம். அப்புறம் டிக்கெட்டைப் பத்திப் பேசலாம்.”

கதவுக்குப் பின்னாலிருந்து மாமியார் குரல் வந்தது. அந்தக் காலத்து மாமியார். மாப்பிள்ளையோடு நேரே பேச மாட்டாள். நான் நாலடி தூரத்தில் நின்றாலும் எனக்கான சேதி மாமனார் வழியாகத்தான் வந்து சேரும். “உப்பு, புளியெல்லாம் அதது இடத்துல இருக்கும்னு மாப்பிள்ளைகிட்டே சொல்லுங்கோ.”

“உப்பு, புளியெல்லாம் அதது இடத்துல இருக்குமாம்” என்றார் மாமனார்.

3

திங்கள்கிழமை முதல் கிணற்றடியில் எனக்கு வகுப்பு. வேதா துணி தோய்த்துக்கொண்டே சொல்வாள். நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஆபீஸ் வழக்கப்படி நோட்டில் எழுதிக்கொள்வேன். பொருள்: சாத்தமுது. பார்வை: தங்கள் வாய்மொழி. (அங்கே சமையலைத் தளிகை என்பார்கள், ரசத்தைச் சாத்தமுது என்பார்கள், பொரியலைக் கறியமுது என்பார்கள்.)

“புளி எலுமிச்சங்காய் அளவு.”

“பெரிய எலுமிச்சையா, சின்னதா?”

“உங்க மூளை அளவு.”

“சின்னதுன்னு எழுதிக்கறேன்.”

சிரிப்பெல்லாம் செவ்வாயோடு சரி. புதன்கிழமை அவள் முக்கியமான சட்டத்தைச் சொன்னாள். பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணுவதற்கு, அதாவது படைப்பதற்கு, முன்னால் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது. ஒரு சொட்டு வைத்தாலும் எச்சில். எச்சில் கை பட்டதெல்லாம் எச்சில்.

நோட்டிலிருந்து தலையைத் தூக்கினேன். “அப்போ உப்பு சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்?”

“கை சொல்லும்.”

“என் கைக்கு அந்த வயசு ஆகலையே. போட்டேனா இல்லையான்னே மறந்துபோச்சுன்னா?”

“அதுக்குத்தான் மரவை.” மரவை என்பது மரத்தில் குடைந்த உப்புப் பாத்திரம். “தளிகை ஆரம்பிக்கறச்சே அது அடுப்புக்கு இடது பக்கம் இருக்கும். சாத்தமுதுக்கு உப்பு போட்ட உடனே வலது பக்கம் தள்ளிடணும். அம்மா முப்பது வருஷமா எதையும் ருசி பார்த்ததில்லை. மரவை எந்தப் பக்கம் இருக்குன்னுதான் பார்ப்பா.”

செய்த வேலைக்கு அப்போதே ஓர் அடையாளம் வை. இந்த ஒரு பாடத்துக்காகவே வேதாவுக்கு என் கம்பெனி சம்பளம் கொடுக்கலாம். இன்றைக்கும் ஆபீஸில் பதில் போட்ட காகிதங்களை வலது பக்கம் தள்ளிவிடுவேன். அந்தப் பக்கத்துக்கு ‘உப்புப் போட்டாச்சு’ என்று நான் பெயர் வைத்திருப்பது தெரிந்தால் எங்கள் துரை என்ன நினைப்பாரோ.

வியாழக்கிழமை ஈயச் சொம்பு. “சாத்தமுது அதுலதான் வைக்கணும். உள்ளே தண்ணி இருக்கிற வரைக்கும் நெருப்பு அதை ஒண்ணும் பண்ணாது. வெறும் சொம்பை மட்டும் அடுப்புல வெச்சுடாதீங்கோ. உருகிடும்.”

“ஈயத்தைப் பத்தி எனக்கே சொல்றியா? நாள் பூரா ஈயத்தைத்தான் எழுதறேன்.”

“எழுதறேள். தொட்டிருக்கேளா?”

சனிக்கிழமை அவள் கிணற்றடிக்கு வரவில்லை. கொல்லைப்புற அறைக்குப் போய்விட்டாள். நான் வெளியே நின்று நோட்டை ஒருமுறை ஒப்பித்தேன். தப்புகளைத் திருத்திவிட்டு, ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து கேட்டாள்: “சரியா வருமோன்னோ?”

“வராம என்ன?”

“விளையாட்டா சொல்லாதீங்கோ. நாலு வருஷமா இந்தத் தெருவுல எல்லாரும் ‘எப்போ அக்கரைக்குப் போறே?’ன்னு கேட்டுக் கேட்டு, இப்போ கேட்கறதையே விட்டுட்டா. கேட்கறச்சே கூட தேவலாம்னு இருந்தது. இன்னும் நாலு வருஷம் என்னால முடியாது.”

அன்று மத்தியானம் பஸ் ஏறி, காவேரிப் பாலம் தாண்டி, பாலக்கரைக்குப் போனேன். அங்கே ஒரு ராவுத்தர் கப்பல் டிக்கெட் எடுத்துக்கொடுப்பார்.

“தம்பி, ஒண்ணா ரெண்டா?”

“ரெண்டுதான். ஆனா நாளைக்குத்தான் தெரியும்.”

“சம்சாரம் வரமாட்டேங்குதா?”

“வர்றாங்க. அதுக்கு முன்னாடி நான் ரசம் வைக்கணும்.”

ராவுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். “முப்பது வருசமா டிக்கெட் போடுறேன் தம்பி. அம்மை குத்தாம நின்னவங்க உண்டு, மாமியா மவுத்தாகி, அடக்கத்துக்கு நின்னவங்க உண்டு. ரசத்துக்காக நிக்கிற ஆளை இப்பதான் பாக்குறேன். நாளைக்கு சாயந்தரம் அஸர் தொழுகைக்குள்ள சொல்லிருங்க. அதுக்கு மேல எடம் நிக்காது.”

4

ஞாயிற்றுக்கிழமை. கிணற்றில் குளித்து, மடி வேஷ்டி கட்டி, திருமண் இட்டுக்கொண்டு அடுப்பின் முன் நின்றேன். கூடத்தில் மாமனார் கையில் கடிகாரத்தோடு. கதவுக்குப் பின்னால் மாமியார். கொல்லைப் பக்கத்து ஜன்னலுக்கு நேர் எதிரே, முற்றத்துக்கு அந்தப் பக்கம், வேதாவின் முகம்.

அரிசி கொதித்தது. பருப்பு வெந்தது. வாழைக்காய்க் கறியமுதில் சில துண்டுகள் மாவாகிவிட்டன, சில துண்டுகள் மரமாகவே நின்றன; சராசரி சரியாகவே வந்தது. ஈயச் சொம்பில் புளித்தண்ணீர் ஏறியது. பொடி போட்டேன், பெருங்காயம் போட்டேன். நானே வியக்கும்படி எல்லாம் நடந்துகொண்டிருந்தது.

“நெய் எங்கே இருக்குன்னு மாப்பிள்ளைக்குத் தெரியுமான்னு கேளுங்கோ.”

“மாப்பிள்ளை, நெய் எங்கே இருக்குன்னு...”

“தெரியும் மாமா!”

தெரியும் என்று காட்டுவதற்காக எட்டி நெய்ச் சொம்பை எடுத்தேன். வழியில் ஏதோ இடித்தது, தள்ளிவிட்டு எடுத்தேன். திரும்பிப் பார்த்தால் மரவை வலது பக்கம் இருக்கிறது.

இடித்தது மரவைதான். ஆனால் அதை நெய்க்காகத் தள்ளினேனா? ஏற்கெனவே உப்புப் போட்டுத் தள்ளியிருந்ததை மறுபடி தள்ளினேனா? யோசித்தேன். யோசிக்க யோசிக்க, உப்புப் போட்டதும் ஞாபகம் வந்தது, போடாததும் ஞாபகம் வந்தது. ஜன்னலைப் பார்த்தேன். வேதா உதட்டைப் பிதுக்கினாள். அவளுக்கும் தெரியவில்லை. பருப்புத் தண்ணீர் விட்ட சாத்தமுது நுரை கட்டி விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது. பெர்மிட், கடைசித் தேதி, ஒரே கப்பல், அஸர் தொழுகை எல்லாம் அந்த நுரையோடு சேர்ந்து பொங்கின.

கை போயிற்று. கரண்டியிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினேன்.

உப்பு இல்லை.

‘அப்பாடா’ என்று மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியோடு அதே கையை மரவைக்குள் விட்டு உப்பு எடுத்துப் போட்டேன். அப்புறம்தான் உறைத்தது. ஜன்னலில் வேதா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

பதறுகிறவனுக்கு ஒரு தப்பு போதாது, துணைக்கு இன்னொன்று வேண்டும். துணியால் சொம்பைப் பிடித்தேன். சாத்தமுது முழுவதையும் முற்றத்தில் கவிழ்த்தேன். மறுபடி முதலிலிருந்து வைத்துவிடலாம் என்று வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் புளியைத் தேடி ஓடினேன்.

புளிப் பானையைத் திறப்பதற்குள் ‘சொத்’ என்று ஒரு சத்தம். இன்னொரு ‘சொத்’. சொம்பின் அடி தொங்கி, வெள்ளி மாதிரி சொட்டுச் சொட்டாகக் கங்கில் விழுந்துகொண்டிருந்தது. நாள் பூரா ஈயத்தை எழுதுகிறவன் அன்றுதான் முதல்முறையாக ஈயம் உருகுவதைப் பார்த்தேன்.

“என்ன சத்தம் மாப்பிள்ளை?”

“கை வழுக்கிடுத்து மாமா!”

மாமனார் வந்து வாசலில் நின்றார். சொம்பைப் பார்த்தார், முற்றத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விசாரணை ஆரம்பம் என்று நினைத்தேன். அவர் குரல் கனிந்துவிட்டது.

“போறது, விடுங்கோ. பழகின கையே சில சமயம் வழுக்கும். சாதம், பருப்பு, கறியமுது மூணும் இருக்கோன்னோ? அதுவே ஜாஸ்தி. சாதத்தை இறக்கி, பருப்புல நெய் விடுங்கோ. பெருமாள் கண்டருளட்டும்.”

பாஸ்! இரண்டு டிக்கெட்! அவர் பார்த்துக்கொண்டிருக்க அந்தக் கையாலேயே சாதத்தை இறக்கினேன். அந்தக் கையாலேயே நெய் விட்டேன். கழுவலாம் என்றால் ஏன் கழுவுகிறேன் என்று கேட்பாரே. பெருமாள் எழுந்தருளியிருக்கிற பெட்டிக்கு முன்னால் கோலம் தயாராக இருந்தது. மாமனார் சாதப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஏழெட்டு அடி தூரம். நான் ஒவ்வோர் அடியாக எண்ணினேன். ஜன்னலில் வேதா கண்ணை இறுக்க மூடிக்கொண்டுவிட்டாள், கல்யாணப் போட்டோவில் என்னைப் போல.

“மாமா, நில்லுங்கோ!”

அது என் குரல்தான் என்று தெரிய எனக்கே கொஞ்ச நேரம் ஆயிற்று.

5

“என்ன?”

“நக்கிட்டேன்.”

“எதை?”

“சாத்தமுதை.”

“அதுதான் கொட்டிப்போச்சே.”

“நக்கின கையால உப்பு எடுத்தேன். நெய் விட்டேன். நீங்க வெச்சுண்டிருக்கிற சாதத்தை இறக்கினேன்.”

அவர் பாத்திரத்தைக் கீழே வைத்தார். “கை வழுக்கிடுத்துன்னேளே?”

“வழுக்கலை மாமா. நான்தான் கவுத்தேன்.”

மாமனார் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “ஒரு டிக்கெட் போட்டுக்கோங்கோ மாப்பிள்ளை.”

“அப்பா!”

கொல்லைப்புறத்திலிருந்து வேதா. அந்த வீட்டில் அவள் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. “அவர் நக்கினதை நான் பார்த்தேன். கவுத்ததையும் பார்த்தேன். நான் வாயைத் திறக்கலை. அவர் திறந்தார். அரை நாழிகைதான் பொய் சொன்னார், அதுக்கு மேல அவரால முடியலை. அவர் பொய்யோட கெட்டி அவ்வளவுதான். இந்த மனுஷனை நம்பி நான் கப்பல் ஏறுவேன்.”

“எச்சிலைத் தின்னுண்டு இருப்பியா?”

“தின்னா, தின்னேன்னு தெரிஞ்சு தின்பேன். சொல்லிடுவார்.”

மாமனார் பதில் சொல்வதற்குள் கதவு நகர்ந்தது. மாமியார் வெளியே வந்தாள். கல்யாணமான நாலு வருஷத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து, நேராக என்னையே கேட்டாள்:

“உப்பு இருந்துதா?”

“இல்லை மாமி. போடவே இல்லை.”

“தெரியும். வாசனையே சொல்லித்து.” உருகிய சொம்பைக் கரண்டியால் தூக்கி ஒரு பக்கமாக வைத்தாள். “கையை அலம்பிண்டு வாங்கோ. அடுப்பை மெழுகித் தரேன். வேற மரவையில உப்பு இருக்கு, வெண்கலப் பானை இருக்கு. மணி பன்னெண்டுதான் ஆறது. மறுபடி அரிசியைக் களையுங்கோ.”

களைந்தேன். இரண்டாம் முறை நெய் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பசியோடு மூன்று பேர் காத்திருக்கிற வீட்டில் சமைப்பது எப்படி இருக்கும் என்று வீட்டுப் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆண்கள் ஒருமுறை செய்து பார்க்கலாம். என் கை வாய்ப் பக்கம் வந்துவிடுமோ என்ற பயத்தில் இடது கையை வேஷ்டி மடிப்புக்குள் சொருகிக்கொண்டேன். மரவையைத் தொடுகிறபோதெல்லாம் “தள்ளறேன், தள்ளியாச்சு” என்று உரக்கச் சொன்னேன்.

பெருமாள் கண்டருளினார். மாமனார் இலையில் உட்கார்ந்தார். சாத்தமுது சாதத்தில் ஒரு கவளம் எடுத்தார். நின்றார். தண்ணீர் குடித்தார். இன்னொரு கவளம், இன்னொரு டம்ளர். நாலு டம்ளர் ஆயிற்று. இலையில் ஒரு பருக்கை மீதி வைக்காமல் எழுந்து கையலம்பிக்கொண்டு வந்தார்.

“மாப்பிள்ளை, மரவையை எத்தனை தடவை தள்ளினேள்?”

“ஒரு தடவைதான் மாமா... ரெண்டு தடவையோ?”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். “கிளம்புங்கோ. பாலக்கரைக்கு நானும் வரேன். ரெண்டு டிக்கெட்டையும் என் கண்ணால பார்க்கணும். இல்லேன்னா ஒண்ணை வழியில விட்டுட்டு கை வழுக்கிடுத்தும்பேள்.”

ராவுத்தர் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்தார். “ரசம் எப்படிங்க?”

“உப்பு ஜாஸ்தி” என்றார் மாமனார்.

“அப்ப ஒண்ணுதானுங்களா?”

“ரெண்டு.”

6

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு மைதிலியின் ஸ்கூலுக்குப் போனேன். டீச்சர் ஒரு சீனத்து அம்மாள், நல்ல மாதிரி. சூப்பில் உப்பு அளவாகத்தான் இருந்தது, ருசி பார்க்காமல் எப்படி வந்தது என்றுதான் புரியவில்லை என்றாள். எச்சில் என்பதை இங்கிலீஷில் சொல்லத் தெரியாமல், எங்கள் வீட்டுச் சமையலில் உமிழ்நீர் கலக்க மாட்டோம் என்று விளக்கினேன். அந்த அம்மாள் நாற்காலியை ஓரடி பின்னால் இழுத்துக்கொண்டாள். ஆனாலும் அடுத்த வாரம் மறுபரீட்சைக்குச் சம்மதித்தாள். எங்கள் குடும்பத்துக்கு மறுபரீட்சை ராசிதான்.

அன்று சாயங்காலமும் தளிகை என்னுடையது. அரிசியைக் களைந்து ஏற்றினேன். மைதிலி வந்து சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள். ஜன்னல் மேடையில் வேதாவின் அம்மா கொடுத்தனுப்பிய அந்த அடி தொங்கின ஈயச் சொம்பு இருக்கிறது. இப்போது அதில் பென்சில் போட்டு வைக்கிறோம். அதை உருட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏன்டி ருசி பார்க்கலை?” என்றேன்.

‘உம்’ வரும் அல்லது ‘உஹும்’ வரும் என்று காத்திருந்தேன்.

“தெரியலைப்பா. அங்கே பெருமாள் இல்லைன்னு தெரியும். டீச்சர் மார்க்கைக் குறைப்பான்னும் தெரியும். பார்த்துடலாம்னுதான் நினைச்சேன். கை போகலை.”

அவ்வளவும் தமிழில் சொன்னாள். நான் உலையைக் கிளறுகிற பாவனையில் திரும்பிக்கொண்டேன். திரும்பாமலேயே, ஸ்கூல் சூப்புக்கெல்லாம் சட்டம் கிடையாது, அடுத்த வாரம் தாராளமாக ருசி பார், அப்பா சொன்னதாக வைத்துக்கொள் என்றேன்.

அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “நீ என்னிக்காவது பார்த்திருக்கியா அப்பா? வீட்ல?”

பின்னறையில் வேதா படித்துக்கொண்டிருந்த புஸ்தகத்தை மூடுகிற சத்தம் கேட்டது.

“சேச்சே!” என்றேன்.

சாதம் கொதி வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.